சட்டைப் பையில் இருந்த தலைவர்

புங்கரைப்பட்டி ஊராட்சி மன்றத் தலைவராகச் சித்திரைச்செல்வி பதவியேற்ற அன்று நல்ல வெயில், நல்ல கூட்டம், முந்திரி தூக்கலாகப் போட்ட நல்ல கேசரி, எல்லாம் நல்லபடியாக நடந்து, மாலை மரியாதையும் முடிந்து, பதிவேட்டில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் நாற்காலியை விட்டு எழுந்தபோது, அவளுடைய வலது கை மட்டும் எழுந்து வராமல் மேசையிலேயே தங்கிவிட்டது.

வலி இல்லை, ரத்தம் இல்லை. சோப்பு நுரையில் வளையல் வழுக்கிக்கொண்டு வருமே, அப்படி மணிக்கட்டிலிருந்து கழன்று, பேனாவைப் பிடித்த பிடி மாறாமல் பதிவேட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. சித்திரைச்செல்வி கையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊராட்சிச் செயலர் சந்தனராசுதான் கையெழுத்தின் மேல் உஃப் உஃப் என்று ஊதிக் காயவைத்தபடி சொன்னார். "இருக்கட்டும் தாயி. இன்னும் எத்தனையோ எடத்துல போட வேண்டியிருக்கு. அதுக்காக நீங்க எதுக்கு வெயில்ல அலைஞ்சுக்கிட்டு? கையை விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

அவளுடைய கணவன் தவசிலிங்கம் அந்தக் கையை எடுத்து, துண்டை உதறுவதுபோல ஒரு உதறு உதறி, தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பையின் விளிம்புக்கு மேலே விரல்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. வெள்ளைச் சட்டைக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது என்று ஊரே சொன்னது.

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி என்று அறிவிப்பு வந்த அன்றே, தவசிலிங்கம் அவளுடைய பழைய புகைப்படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு சுவரொட்டி அடிக்கப் போய்விட்டான். சுவரொட்டியில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி அவன் நின்றான். மூலையில் தபால்தலை அளவுக்கு அவள் இருந்தாள். ஜெயித்த பிறகு ஊர் அவனைத் 'தலைவரே' என்று கூப்பிட்டது, அவளைத் 'தலைவர் சம்சாரம்' என்றது. ஓட்டுப்போட்டவர்களே அப்படிச் சொல்லும்போது, போட்டியிட்டவள் என்ன சொல்வாள்? அதனால் கை கழன்றதில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. ஒரு மாதிரிப் பார்த்தால், எல்லாருக்கும் அது வசதியாகவே இருந்தது.

டீக்கடையில் பெஞ்சை விட்டு எழுந்தவர்கள் தவசிலிங்கத்தின் முகத்துக்கு ஒரு வணக்கமும் பைக்கு ஒரு வணக்கமும் வைத்தார்கள். தையற்காரர் காதர் பாய் அவனுடைய சட்டைகளுக்கெல்லாம் ஆழமாக வேறு பை வைத்து, கைக்கும் காற்று வேண்டுமே என்று அடியில் இரண்டு காஜா எடுத்துக் கொடுத்தார். காதுகுத்துக்கு அழைக்க வந்தவர்கள் 'அம்மாவுக்கு எதுக்குச் சிரமம், கை வந்தாப் போதும்' என்றார்கள். கை போய்க் குத்துவிளக்கு ஏற்றியது, ரிப்பன் வெட்டியது, கபடியில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கொடுத்துக் குலுக்கியது, கல்யாண வீடுகளில் அட்சதை போட்டது. பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் 'நமது ஊராட்சித் தலைவர் எங்கே இருக்கிறார்?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் 'மாமா சட்டைப் பையில்' என்று எழுத, வாத்தியாரும் சரி போட்டார்.

சித்திரைச்செல்வியும் முதலில் சும்மா இருந்துவிட்டாள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் சோறு யார் ஆக்குவது, மாட்டுக்குத் தண்ணீர் யார் காட்டுவது? ஒற்றைக் கையால் உலை வைக்கவும், தோளில் துணியை அழுத்திப் பிழியவும் பழகிக்கொண்டாள். அரிவாள்மணையில் காய் நறுக்க மட்டும் பக்கத்து வீட்டுக் கோட்டையம்மா மதனி வருவாள்.

"ஏன்டி, அந்தக் கைய ஒரு தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டா என்ன?" என்பாள் கோட்டையம்மா, கத்திரிக்காயை நாலாகப் பிளந்தபடி.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும் மதனி. போட்டும் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்குது."

உண்மைதான். பொழுது சாய்ந்து தவசிலிங்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், கை தானாகவே பையிலிருந்து இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டில் ஏறிக்கொள்ளும். மகள் ஓவியாவுக்குச் சோறு ஊட்டும், தலை பின்னும், பிறகு அவளைத் தட்டித் தூங்கவைக்கும். இரண்டு தட்டு மெதுவாக, ஒரு தட்டு அழுத்தமாக. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தத் தட்டு இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் காலையில் யாராவது வாசலில் வந்து நின்று, "தலைவர் இருக்காரா?" என்று கேட்டுத் தவசிலிங்கம் உள்ளிருந்து "இருக்கேன்" என்று சொன்ன அந்த நொடியே, மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் சரி, கை கழன்று பாத்திரத்துக்குள் விழும். ஒருநாள் அவள் முந்திக்கொண்டு அடுப்படியிலிருந்து "இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தாள். வாசலில் நின்றவன் சிரித்துவிட்டான். "நான் தலைவரைக் கேட்டேன் மதனி." அத்தோடு அவள் குரல் உள்ளே போய்விட்டது.

கை எங்கே போனாலும் அது தொடுவது எல்லாம் அவளுக்கு இங்கே தெரிந்தது. குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது இல்லாத விரல்களில் முத்திரை மையின் ஈரம் படும். யாரோ வியர்த்த கையால் குலுக்குவார்கள். ஒருநாள் ஒன்றியத்து ஊராட்சித் தலைவர்கள் கூட்டம் என்று தவசிலிங்கம் கிளம்பிப் போனான். பக்கத்து ஊர்களிலிருந்தும் கணவன்மார்கள் வந்திருந்தார்கள்; ஒருவர் மனைவியின் கையை டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார், ஒருவர் ஈரத்துணியில் சுற்றி, மற்றொருவர் பேருந்தில் மறந்து வைத்துவிட்டு, எடுத்துவரத் திரும்ப ஓடினார். கையெழுத்துகள் முடிந்ததும் கைகளை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் போட்டுவிட்டு ஆண்கள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சித்திரைச்செல்விக்கு இல்லாத உள்ளங்கையில் குளிர்ந்த கல் ஒன்று விழுந்தது, மேலே பறந்தது, மறுபடி விழுந்தது. அவள் சாம்பல் பூசிய பாத்திரத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி, பேய் கீய் பிடிச்சிருச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் கோட்டையம்மா.

"தட்டாங்கல் ஆடுதுக மதனி! தலைவருங்க எல்லாம் சேந்து தட்டாங்கல் ஆடுதுக!"

இப்படியே போயிருந்தால் கை பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டும் அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டும் பதவிக்காலம் முடிந்திருக்கும். மழைதான் கெடுத்தது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் அங்கன்வாடி. ஓவியா அங்கேதான் போகிறாள். அந்த மழைக்குப் பிறகு அதன் கூரை உள்பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பிள்ளையைக் கூப்பிடப் போன சித்திரைச்செல்வியிடம் அருளாயி டீச்சர் சேலையில் ஒட்டியிருந்த காரையைத் தட்டிக் காட்டினார்.

"பொலபொலன்னு கொட்டுது செல்வி. பிள்ளைகளை மூலைக்கு மூலை மாத்தி மாத்திப் படுக்க வைக்கிறேன். எந்த மூலை நல்ல மூலைன்னு எனக்கே தெரியல. தலைவர்கிட்ட சொல்லும்மா."

தலைவரிடம் தலைவர் போய்ச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த தவசிலிங்கம் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அது சுண்ணாம்பு உதிருறது. கட்டடம் கல்லு மாதிரி நிக்கிது. ராசகிளி பூசுனதுல்ல?"

ராசகிளி என்பவர் ஒப்பந்தக்காரர். ஊரில் எது கட்டினாலும் அவர்தான் கட்டுவார், எது விழுந்தாலும் அவர்தான் திரும்பக் கட்டுவார்.

"அப்போ இந்தத் தடவை வர்ற நிதியில அத மாத்திக் கட்டிருவோம்ங்க."

"இந்தத் தடவை வளைவு."

"என்ன வளைவு?"

"அலங்கார வளைவு. ஊர் எல்லையில, அங்கன்வாடிக்குப் பக்கத்துல. எங்க அப்பா பேருல. ரெண்டு பக்கமும் யானை, மேல தாமரை. வர்றவன் எல்லாம் தலை நிமிந்து பாத்துட்டுத்தான் உள்ள வரணும்." அவன் ரசத்துக்குக் கையைக் குவித்தான். "கிராம சபையில தீர்மானம் போட்டுருவோம். கை இருக்கு, கையெழுத்து இருக்கு. நீ அப்பளத்தை எடு."

அவள் அப்பளத்தை எடுத்தாள். எடுத்தது இடது கை. அன்று முழுவதும் இல்லாத வலது கை அரித்துக்கொண்டே இருந்தது.

கிராம சபை வழக்கமாகக் கோயில் பந்தலில் நடக்கும். அங்கே சித்திரைச்செல்வி போனதே இல்லை. மேசையில் கையை வைத்தால் கூட்டம் தொடங்கும், கையை எடுத்தால் முடியும். இந்த முறை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வருகிறார், தலைவரை நேரில் பார்க்க வேண்டுமாம் என்று தகவல் வந்ததால், தவசிலிங்கம் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டான்.

"முந்தானையை மணிக்கட்டு மேல போட்டுக்க. பக்கத்துல உக்காரு. ஏதாவது கேட்டா என் முகத்தைப் பாரு. பிள்ளையைத் தூக்கிட்டு வந்துராத."

பிள்ளை விஷயத்தில் மட்டும் அவன் எப்போதும் கவனம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் கைக்குப் பொறுக்காது. யார் வீட்டுப் பிள்ளை என்றாலும் பையிலிருந்து துள்ளிப் போய்த் தட்டிக்கொடுக்கத் தொடங்கிவிடும். ஒருதரம் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்படி ஆகி அவனுக்குப் பெரிய தலைகுனிவு. அன்றிலிருந்து அங்கன்வாடிப் பக்கம் போகாமல் சுற்றித்தான் போவான். ஆனால் வளைவு வரும் இடத்தை அதிகாரியம்மாவிடம் காட்டவேண்டும் என்ற ஆசையில், இந்த முறை கூட்டத்தை அங்கன்வாடி வாசல் வேப்பமரத்தடியில் போடச் சொன்னவனும் அவனேதான். யானையையும் தாமரையையும் நினைத்த மனசு பிள்ளைகளை மறந்துவிட்டது.

மேசை போட்டார்கள், விரிப்பு விரித்தார்கள். கையை எடுத்து நடுவில் வைத்து, அதன் விரலில் பேனாவைக் கொடுத்தார்கள். ஊர் வந்து தரையில் உட்கார்ந்தது. அதிகாரியம்மா நாற்காலியில் அமர்ந்து, மேசை மேலிருந்த கைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க தலைவர் யாரு?"

"நான்தாங்க," என்றான் தவசிலிங்கம். "அதாவது, இவங்க. நான் பாத்துக்கிறேன். அதாவது, எல்லாம் ஒண்ணுதாங்க."

சித்திரைச்செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள், சொல்லிவைத்தபடி.

சந்தனராசு தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார். 'ஊர் எல்லையில் எழில்மிகு அலங்கார வளைவு அமைப்பது என்று ஒருமனதாக' என்கிற இடத்துக்கு வந்தபோது, உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்த பிள்ளைகளின் தலைமாட்டில் கூரையிலிருந்து ஒரு பெரிய காரைப் பாளம் பெயர்ந்து, உப்புமாப் பாத்திரத்தின் மேல் டமார் என்று விழுந்தது. ஒரு பிள்ளைக்கும் அடியில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளும் ஒரே மூச்சில் வீறிட்டன.

கை பேனாவைப் போட்டுவிட்டது. மேசையிலிருந்து குதித்து, அதிகாரியம்மாவின் செருப்பைத் தாண்டி, கூட்டத்தின் முழங்கால்களுக்கு இடையே ஐந்து விரலில் ஓட்டமாக ஓடி, வாசற்படி ஏறி, உள்ளே போய்விட்டது.

"அடச்சே!" என்று எழுந்தான் தவசிலிங்கம். "சந்தனராசு, போயி எடுத்துட்டு வாங்க."

சந்தனராசு கூரையின் வயிற்றைப் பார்த்தார். "எனக்கு முதுகு சரியில்லண்ணே. குனிய முடியாது."

"ராசகிளி, நீ போ."

"நான் போகலண்ணே."

"ஏன்?"

"நான் பூசுன கூரைண்ணே அது," என்றார் ராசகிளி. "எனக்குத் தெரியாதா?"

கூட்டம் ராசகிளியைத் திரும்பிப் பார்த்தது. உள்ளே பிள்ளைகள் இன்னும் அழுதுகொண்டிருந்தன. பிறகு கோட்டையம்மாவின் குரல் எழுந்தது. "பெரிய ஆம்பளைக உள்ள போகப் பயமாம். பச்சப் பிள்ளைகளை மட்டும் பாய் விரிச்சுப் படுக்கப் போடலாமாம். நல்லாருக்குப்பா உங்க கூரை."

"நீங்க போங்க," என்றாள் சித்திரைச்செல்வி கணவனிடம். "கல்லு மாதிரி நிக்கிதுன்னு சொன்னீங்கள்ல?"

தவசிலிங்கம் கட்டடத்தைப் பார்த்தான். தன் செருப்பைப் பார்த்தான். ஒரு செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். அவன் கெட்டவன் இல்லை. உள்ளே அழுவது தன் பிள்ளையும்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கால் வரவில்லை.

அவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள்.

உள்ளே தூசி மண்டிக் கிடந்தது. அருளாயி டீச்சர் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படிக்கு அடியில் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பயந்த பிள்ளைகள் பாயைவிட்டு அசையவில்லை. கை ஒவ்வொரு பிள்ளையாகப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது, இரண்டு தட்டு மெதுவாக, ஒரு தட்டு அழுத்தமாக. தட்டு வாங்கிய பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது. கடைசிப் பாயில் ஓவியா. கை வந்ததும் அதன் சுண்டுவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க கண்ணுகளா, சேலையைப் பிடிச்சுக்கங்க. ரயிலு வண்டி போவோம்," என்றாள் சித்திரைச்செல்வி. மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பட்டு முந்தானையைப் பிடித்து ஒருத்தி, அவள் பாவாடையைப் பிடித்து ஒருத்தன் என்று பிள்ளைகள் வால்போல நீண்டு, காரைத்தூள் பூசிய வெள்ளை முகங்களோடு வெளியே வந்தார்கள். டீச்சர் கடைசியாக வந்தார். கூரை விழவில்லை. எல்லாரும் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழாமல், இன்னும் கொஞ்சம் வயிறு தள்ளிக்கொண்டு, பொறுமையாக நின்றது.

அதிகாரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். "நான் முதல்லேயே கேட்டேன். இங்க தலைவர் இருக்காங்களா, இல்லையா?"

தவசிலிங்கம் பழக்கத்தில் வாயைத் திறந்தான்.

"இருக்கேன்," என்றாள் சித்திரைச்செல்வி. "நான்தாம்மா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஓவியாவின் பிடியிலிருந்து கை மெல்ல நழுவி, அம்மாவின் முழங்கை வழியாக இறங்கி, புதுமணப்பெண்ணுக்கு வளையல் ஏறுவதுபோல நெருக்கி நெருக்கி ஏறி, மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்து, யானையையும் தாமரையையும் மாமனார் பெயரையும் குறுக்காக ஒரே கோட்டில் அடித்தாள்.

"அங்கன்வாடிக்குப் புதுக் கூரைன்னு எழுதுங்க சந்தனராசண்ணே. அதுவரைக்கும் பிள்ளைக ஊராட்சி ஆபீஸ்ல இருக்கட்டும். தலைவர் ரூம்ல காத்தாடி இருக்கு, ஜோராத் தூங்கட்டும். சம்மதம்னா எல்லாரும் கையைத் தூக்குங்க."

ஊரே கையைத் தூக்கியது. கோட்டையம்மா இரண்டையும் தூக்கினாள்.

ஆழமான சட்டைப் பைகளோடு தவசிலிங்கம் கொஞ்சநாள் தவித்தான். டீக்கடையில் பேச்சுக்கு நடுவே நெஞ்சைத் தடவிப் பார்ப்பான், ஒன்றும் இருக்காது. பிறகு அந்தப் பைகளில் பிஸ்கட் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊராட்சி ஆபீஸ் பக்கம் வரத் தொடங்கினான். பிள்ளைகள் பைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களுக்குத் தகவல் எட்டியதும் அங்கே உள்ள கணவன்மார்கள் காதர் பாயிடம் வரிசையில் நின்று, பைகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டார்கள். சிலர் அதன் மேல் ஊக்கும் குத்தினார்கள்.

கை வந்துவிட்டதே தவிர, சட்டைப் பையில் பழகிய பழக்கம் உடனே போய்விடுமா? கூரை வேலையைப் பற்றிப் பேச ராசகிளி வந்தபோது, மேசைக்கு மேலேயே அது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்தது, நோட்டு எண்ணுவதுபோல. ராசகிளியின் முகம் பூவாக மலர்ந்தது.

"புரிஞ்சதுங்க தலைவரம்மா. வழக்கம்போலச் செஞ்சிரலாம்."

சித்திரைச்செல்வி இடது கையால் அதன் புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தாள். "அடங்கு கழுத." கை சுருண்டு மடிக்குள் ஒடுங்கியது. "அத விடுங்கண்ணே, பழைய சகவாசம். நீங்க வேலையை முடிங்க. முடிச்சிட்டு, பிள்ளைக தூங்குற நேரத்துல அந்தக் கூரைக்கு அடியில நீங்க முதல்ல படுத்து ஒரு தூக்கம் போட்டு எந்திரிங்க. எந்திரிச்சா என் கையெழுத்து."

வேலை முடிய முன்பைவிட நாளானது. கம்பி முன்பைவிடத் தடிமனாக இருந்ததாகக் கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். முடிந்த அன்று மதியம் ஊர் வாசலில் கூடி எட்டிப் பார்க்க, ராசகிளி சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்து, கால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பாயில் மல்லாந்து படுத்தார். கண் இரண்டும் கூரையிலேயே குத்தி நின்றன. வியர்த்து ஊற்றியது. இமையை மூடினார், திறந்தார்.

வாசற்படியில் பேனாவோடு சித்திரைச்செல்வி காத்திருந்தாள். அவள் பிடியிலிருந்து நழுவிய ஓவியா உள்ளே நடந்து போய், ராசகிளியின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவருடைய பெரிய நெஞ்சில் தன் சின்னக் கையால் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு மெதுவாக, ஒன்று அழுத்தமாக.

"பயப்படாத மாமா," என்றாள். "தூங்கு."